காற்று எவ்வளவு? உங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம்: பாய்ப்படகு பழகுவோருக்கு அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பாய்ப்படகு பழக வருகிறவர் கரையில் கால் வைத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்குக் காத்து எவ்வளவு?" என்பதுதான். யாராவது ஒருவர் "பன்னிரண்டு" என்பார். பன்னிரண்டு என்ன என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் புது ஆள் என்று தெரிந்துவிடும். நானும் முதல் ஆறு மாதம் தலையை ஆட்டிக்கொண்டுதான் திரிந்தேன். நாற்பது வயதுக்குமேல் சென்னைத் துறைமுகச் சுவருக்குள் லேசர் என்கிற ஒற்றை ஆள் படகில் பழகியவன் நான். அந்தப் படகுக்கு இப்போது அதிகாரப்பூர்வப் பெயர் இல்கா. ஆனாலும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அது லேசர்தான்.

எண்ணை நம்பி ஏமாந்த பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. காற்றின் பலத்தைக் கண்டுபிடிக்கக் கருவியைப் பார்க்க வேண்டியதில்லை, படகில் இருக்கிற ஆளைப் பார்த்தால் போதும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1806 ஜனவரியில் பிரிட்டிஷ் கப்பற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் தன் நாட்குறிப்பில் காற்றுக்கு ஓர் அளவுகோல் எழுதினார். பின்னால் அதை மெருகேற்றி 0 முதல் 12 வரை ஆக்கினார்கள். 1838இல் கப்பற்படை அதைக் கட்டாயமாக்கியது. அதில் காற்றின் வேகம் எங்கேயும் கிடையாது. லேசான காற்றென்றால் போர்க்கப்பல் எவ்வளவு ஓடும், பலத்த காற்றென்றால் எந்தெந்தப் பாயைச் சுருட்ட வேண்டும், 12 என்றால் எந்தத் துணியும் தாங்காது. இப்படித்தான் இருக்கும். அதாவது கப்பல் படுகிற பாட்டை வைத்து எழுதிய அளவுகோல் அது. இன்ன எண்ணுக்கு இன்ன வேகம் என்பதெல்லாம் 20ஆம் நூற்றாண்டில் ஒட்டவைத்தது.

அதே முறையைத்தான் இங்கே பின்பற்றுகிறேன். போர்க்கப்பலுக்குப் பதிலாக நீங்கள். உங்களுக்குப் பொருந்துகிற அறிகுறியைத் தேடிப் பிடித்து அங்கிருந்து படியுங்கள்.

அறிகுறி: ஆப் ஒன்று சொல்கிறது, கடல் வேறொன்று செய்கிறது

முதலில் அலகைப் பாருங்கள். இந்தத் தொல்லையில் பெரும்பாலும் குற்றவாளி அதுதான். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆப்பில் 20 என்று வந்தால், அது கிலோமீட்டராக இருந்தால் 11 நாட்கூட இல்லை. சட்டை படபடக்க, சந்தோஷமாக ஓட்டலாம். 20 நாட் என்றால் பழகுகிறவர் கரையில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டிய காற்று. விநாடிக்கு 20 மீட்டர் என்றால் 39 நாட், அதில் டீக்கடையே இருக்காது.

ஒரு நாள் என் நண்பர் செல்போனைப் பார்த்து "ஏழுதாங்க" என்றார். ஏழு நாட்டுக்கு நான் கைக்குழந்தையையே கூட்டிப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். பத்து நிமிடத்தில் இரண்டு தடவை கவிழ்ந்தேன். கரைக்கு வந்து பார்த்தால் அவர் போனில் இருந்தது விநாடிக்கு மீட்டர். ஏழு என்பது பதினான்குக்குப் பக்கம். நண்பரிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்கிற நிலையில் இல்லை, மூக்கிலிருந்து இன்னும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அலகு சரி, அப்போதும் ஒத்துவரவில்லை என்றால் அடுத்த காரணம்: ஆப் சொல்வது 10 மீட்டர் உயரத்துச் சராசரிக் காற்று. சராசரி என்றாலே அதற்கு மேலும் கீழும் இருக்கிறது என்றுதான் அர்த்தம். வானிலை அறிக்கையில் "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்" என்று வாசிப்பார்கள், கேட்டிருப்பீர்கள். நம்மைக் கவிழ்ப்பது அந்த "இடையிடையே"தான். (இந்த வாக்கியம் வந்த நாளில் அடுத்த வாக்கியம் மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்பது. மீனவரே போக வேண்டாம் என்கிறபோது நாம் யார்?)

அறிகுறி: கூண்டு எண்ணைப் பார்த்து "ஒண்ணுதானே" என்று தோன்றுகிறது

துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கும் போஃபர்ட் எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. போஃபர்டில் 1 என்றால் புகை சாய்கிற அளவு மூச்சுக்காற்று. கூண்டில் 1 என்றால் தூரக் கடலில் ஏதோ உருவாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இங்கே வெயில் அடிக்கலாம், காற்று இல்லாமல் இருக்கலாம். ஆனால் படகைக் கட்டிவைக்கிற வேலையை அன்றைக்கே தொடங்கிவிடுவது நல்லது. கூண்டு 10 வரை அபாயம் கட்டம் கட்டமாக ஏறும். 11 தனி ரகம்: எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கு அது. இத்தனை நேர்மையான அறிவிப்பை வேறெந்த அலுவலகத்திலும் நான் பார்த்ததில்லை.

அறிகுறி: கரையில் நிற்கிறோம், போகலாமா வேண்டாமா என்று தெரியவில்லை

1906இல் ஜார்ஜ் சிம்ப்சன் என்பவர் போஃபர்ட் அளவுகோலுக்குத் தரையில் பார்க்கக்கூடிய அடையாளங்களைச் சேர்த்தார். 2 என்றால் இலை சலசலக்கும், 4 என்றால் தூசியும் காகிதமும் பறக்கும், 6 என்றால் குடை பிடிக்கப் பாடுபட வேண்டும் என்கிற மாதிரி. அந்த மனிதர் பிறகு சிம்லாவில் இந்திய வானிலைத் துறையிலும் வேலை பார்த்தார். சிம்லாவுக்குப் பதில் சென்னையில் குந்தியிருந்தால் பட்டியலில் குடை இருந்திருக்காது, வேட்டி இருந்திருக்கும். அவர் விட்டதை நான் நிரப்புகிறேன்.

வேட்டியைப் பற்றி நினைப்பே இல்லாமல் நடந்தால் 2. கீழ்க்கரை அலையத் தொடங்கினால் 3. ஒரு கையை எடுத்து வேட்டிமேல் வைத்துக்கொண்டால் 4. மடித்துக் கட்டியே தீர வேண்டும் என்றால் 5. மடித்துக் கட்டியும் இரண்டு கையும் தேவைப்பட்டால் 6. அதற்குமேல் வேட்டி எங்கே என்று தேடுகிற நிலைமை, அதற்கு எண் வேண்டாம். பெல்ட் வைத்த ஒட்டு வேட்டி கட்டியவர்கள் இந்த அளவுகோலைப் பயன்படுத்தக் கூடாது. ஆறு வரைக்கும் எதுவும் காட்டாது.

மெரினாப் பக்கம் இருந்தால் பஜ்ஜிக் கடையைப் பாருங்கள். அடுப்பைச் சுற்றித் தகரம் வைத்துவிட்டார்கள் என்றால் 4 வந்துவிட்டது. பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதம் கையைவிட்டுப் போகிறது என்றால் 4 நன்றாகவே நிலைத்துவிட்டது.

தண்ணீரைப் பார்த்தும் சொல்லலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரைத் தலை தெரிந்தால் 3, அதாவது 7 முதல் 10 நாட். அடிக்கடி தெரிந்தால் 4, 11 முதல் 16. எங்கே பார்த்தாலும் வெள்ளை, கொஞ்சம் தூறலும் தெறிக்கிறது என்றால் 5, 17 முதல் 21. ஆனால் இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இந்த அடையாளமெல்லாம் திறந்த கடலுக்கு எழுதியது. துறைமுகச் சுவருக்குள் அலை எழும்ப இடம் போதாது, காற்று ஓடிவருகிற தூரம் குறைவு. அதனால் சுவருக்குள் 3 மாதிரி தெரிகிற தண்ணீர்மேல் 5 வீசிக்கொண்டிருக்கும். சுவரின் வாயைத் தாண்டியதும் உண்மை தெரியும்.

எங்கள் படகுத்துறையில் ஒரு பெரியவர் இருக்கிறார். காசிமேட்டுக்காரர், கட்டுமரத்தில் பாய் விரித்து ஓடிய காலத்தைப் பார்த்தவர். அவரிடம் போய் "அண்ணே, காத்து எவ்வளவு?" என்றால் எண் சொல்ல மாட்டார். கையை நெற்றிக்குமேல் வைத்து ஒரு பார்வை பார்ப்பார். "இப்ப கொண்டல்தான் சார். மூணு மணிக்குமேல தெக்கால திரும்பும். அதுக்குள்ள வந்துருங்க." கிழக்கே இருந்து வருவது கொண்டல், தெற்கே இருந்து தென்றல், வடக்கே இருந்து வாடை, மேற்கே இருந்து கச்சான். எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கேட்காமல் எவ்வளவு என்று கேட்கிற என்னைப் போன்றவர்களை அவர் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார்.

அறிகுறி: பாய் தொங்குகிறது, கொசு உட்காருகிறது, பக்கத்துப் படகோடு அரசியல் பேச முடிகிறது

போஃபர்ட் கணக்கில் காற்று 0 அல்லது 1. கொசு படகில் உட்கார முடிகிறது என்றாலே 3 நாட்டுக்கு மேல் இல்லை. செய்ய வேண்டியது: ஆடாமல் உட்காருவது. புதியவர்கள் பதற்றத்தில் பாயைப் பிடித்திருக்கும் கயிற்றை இறுக்கி இழுப்பார்கள். அது ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்ச நஞ்சக் காற்றையும் விரட்டிவிடும். கயிற்றை இளக்கிவிட்டு, காற்று ஒதுங்கும் பக்கமாக உடம்பைக் கொஞ்சம் சாய்த்துப் படகைச் சரித்து வையுங்கள். பாய் தன் எடையிலேயே வளைந்து நிற்கும். பிறகு காத்திருங்கள். கோடையில் சென்னையில் காலை நேரம் பெரும்பாலும் இப்படித்தான், கடற்காற்று பதினொன்று பன்னிரண்டுக்கு மேல்தான் எழும். சுக்கானை இடமும் வலமும் ஆட்டித் துடுப்பு மாதிரி தள்ளுவது போட்டியில் விதி மீறல். போட்டி இல்லாத நாளில் நானும் செய்திருக்கிறேன், யாரும் பார்க்காதபோது.

அறிகுறி: "எனக்கு ஓட்ட வந்துடுச்சு" என்று தோன்றுகிறது

காற்று 8 நாட். உங்களுக்கு ஓட்ட வரவில்லை. எதையும் தொடாதீர்கள், அனுபவியுங்கள்.

அறிகுறி: பேச்சு நின்றுவிட்டது

என் அனுபவத்தில் மிக நம்பகமான காற்றுமானி இதுதான். 10 நாட் வரை ஆள் பேசுவார். அலுவலகக் கதை, பெட்ரோல் விலை, அந்தக் காலத்து கிரிக்கெட். 12 நாட்டில் வாக்கியம் சுருங்கும். "ஆமா", "ம்", "சரி". 14இல் எழுவாய் போய்விடும். 16இல் உயிரெழுத்து மட்டும்தான் மிச்சம், அதிலும் பெரும்பாலும் 'ஆ'தான்.

காரணம் எளிது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாய்மேல் விழுகிற அழுத்தம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. எட்டு நாட்டில் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்த பாய்க் கயிறு பதினாறில் நான்கு மடங்கு பலத்தோடு இழுக்கும். எட்டிலிருந்து பத்து சின்ன வித்தியாசம்போலத் தெரியும். அதுவே ஒன்றரை மடங்குக்கு மேல். எண் மெதுவாக ஏற, பாரம் மளமளவென்று ஏறுகிறது. மூளை இதைக் கணக்குப் போடுவதற்குள் வாய் கணக்குப் போட்டு மூடிக்கொள்கிறது.

தீர்வு: முதலில் பாயைத் தட்டையாக்குங்கள். கீழ்ப்பக்கம் இழுக்கும் அவுட்ஹாலை இறுக்குங்கள், பாயின் அடிவிளிம்போடு கிடையாக நிற்கும் பூம் கட்டையைக் கீழே பிடிக்கிற வேங் கயிற்றை இறுக்குங்கள், முன்விளிம்பைக் கீழே இழுக்கிற கன்னிங்ஹாமையும் இறுக்குங்கள். உப்பிய பாய் லேசான காற்றுக்கு, தட்டைப் பாய் பலத்த காற்றுக்கு. அடுத்து, கால்பட்டையில் பாதத்தை மாட்டிக்கொண்டு உடம்பை வெளியே தொங்கவிடுங்கள். தொடை எரியும். எரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

இத்தனையும் செய்தும் படகு சாய்கிறதா? அப்போது கரையிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்யவில்லை. லேசருக்கு மூன்று அளவுப் பாய் இருக்கிறது: பெரியது 7.06 சதுர மீட்டர், நடுவாந்தரம் 5.76, சின்னது 4.7. சின்னப் பாய் எடுத்தால் பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று நான் இரண்டு வருடம் பெரிய பாயிலேயே ஓடினேன். ஓடினேன் என்பதைவிட மிதந்தேன் என்பது சரி. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாள் கவிழ்ந்து கிடந்த என்னைச் சுற்றி வட்டமடித்து "அங்கிள், ஓகேவா?" என்று கேட்டுவிட்டுப் போனதுதான் மிச்சம். டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன நேத்ரா குமணன் ஓட்டியதே நடுவாந்தரப் பாய்தான். அந்தப் பாயில் அவர் உலகத்தோடு போட்டி போட்டார். சின்னப் பாயில் நான் காசிமேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கௌரவம் ஒன்றும் குறையாது.

அறிகுறி: போகும்போது தென்றல், திரும்பும்போது புயல்

காற்று மாறவில்லை. நீங்கள் திரும்பினீர்கள், அவ்வளவுதான். இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள், பழகுகிறவர்களில் பாதிப் பேர் விழுவது இங்கேதான்.

நிஜக் காற்று 14 நாட் என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு ஓடுகிறீர்கள், படகு 6 நாட் போகிறது. உங்கள் முதுகில் படுவது 14இல் 6 போக 8 நாட். பேருந்து போகிற திசையிலேயே காற்று அடித்தால் ஜன்னலோரத்தில் காற்றே வராதே, அதே கதை. படகு பறக்கிறது, பாய் அமைதியாக நிற்கிறது, வெயில் சுள்ளென்று விழுகிறது, வியர்க்கிறது. "சூப்பர் கிளைமேட்" என்று தோன்றும். அப்புறம் மணியைப் பார்க்கிறீர்கள், திரும்ப வேண்டும். படகின் முன்முனையான அணியத்தைக் காற்றின் பக்கம் திருப்பிய அந்த விநாடியில் படகின் வேகம் கழிவதற்குப் பதிலாகக் கூடத் தொடங்குகிறது. முகத்தில் அறைவது 17 நாட்டுக்கும் மேல். எட்டிலிருந்து பதினேழு. பாரத்தில் சொன்னால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. ஒரே காற்று, ஒரே கடல், ஒரே முட்டாள்.

தீர்வு: பின்காற்றில் வியர்க்கத் தொடங்கினால் அதை அபாய மணியாக எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்பித் தண்ணீரைப் பாருங்கள், வெள்ளைத் தலைகளை எண்ணுங்கள். காற்றோடு இருபது நிமிடம் போனால் எதிர்த்து வர நாற்பது நிமிடமாவது வேண்டும், நேர்கோட்டில் வர முடியாது, இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் வர வேண்டும். முடிந்தவரை முதலில் காற்றை எதிர்த்துப் போய்விட்டு, களைத்த பிறகு காற்றோடு வீட்டுக்கு வாருங்கள். கடன் வாங்கிச் சாப்பிடுவதற்கும் காசு கொடுத்துவிட்டுச் சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

அறிகுறி: கூட வந்தவர் "இது நார்மலா?" என்று கேட்கிறார்

போஃபர்ட் 5. யோசிக்கவே வேண்டாம், 5தான்.

என் மச்சினனை ஒருமுறை ஏப்ரல் மாதத்து மதியத்தில் இரண்டு பேர் போகும் எண்டர்பிரைஸ் படகில் கூட்டிப் போனேன். இறங்கும்போது கையில் ஒரு சிப்ஸ் பாக்கெட், கண்ணில் கூலிங் கிளாஸ். அரை மணி நேரம் செல்ஃபி எடுத்தான். பிறகு தண்ணீரில் ஒரு இடம் கருத்துக்கொண்டு எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. தண்ணீர்மேல் நிழல் ஓடிவருவதுபோல இருக்கும், மேலே மேகம் இருக்காது. அதுதான் திடீர் வீச்சு. காற்று தண்ணீரைச் சுரண்டிக்கொண்டு வருவது கண்ணுக்குக் கருப்பாகத் தெரிகிறது. அது படகைத் தொட்டதும் படகு சாய்ந்தது, சிப்ஸ் பறந்தது, கூலிங் கிளாஸ் வங்கக் கடலுக்குச் சொந்தமானது.

"மாமா, இது நார்மலா?"

"நார்மல்தான்டா."

"அப்ப நீங்க ஏன் மாமா பல்லைக் கடிக்கிறீங்க?"

தீர்வு: கருப்பு வரும்போதே, தொடுவதற்கு முன்பே, கயிற்றைக் கைக்குத் தயாராக வையுங்கள். தொட்டதும் ஒரு முழம் இளக்குங்கள், உடம்பை வெளியே போடுங்கள், படகு நிமிர்ந்ததும் மறுபடி இழுங்கள். இளக்கு, சாய், இழு. இந்த மூன்றும் ஒரே மூச்சில் நடந்தால் சாய்கிறதற்குப் பதிலாகப் படகு பாய்ந்து முன்னே போகும். கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கையைத் தொங்கப்போடுவது, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது, இரண்டும் வேண்டாம். இரண்டாவதைச் செய்துதான் எனக்கு மணிக்கட்டில் வளையல் போட்டாற்போல ஒரு தடம் ஒரு வாரம் இருந்தது. வீட்டில் விளக்கம் கேட்டார்கள்.

அறிகுறி: தலையில் புடைப்பு

பின்காற்றில் ஓடும்போது பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் தாவியிருக்கிறது. இதற்கு ஜைப் என்று பெயர். காற்று எவ்வளவு என்பதைப் புடைப்பின் அளவே சொல்லும்: எலுமிச்சை என்றால் 3, நெல்லிக்காய்தான் என்றால் குனிந்திருக்கிறீர்கள், பாராட்டுகள். நேர் பின்காற்றில் ஓடாமல் கொஞ்சம் சாய்வாக ஓடினால் பாய் தாவாது. பூம் கட்டை சட்டென்று இலேசாக எழும்பினால், அதுதான் கடைசி எச்சரிக்கை.

அறிகுறி: படகு தலைகீழ், நீங்கள் தண்ணீரில்

காற்று எவ்வளவு என்ற ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதல் வேலை: படகை விட்டுப் போகாதீர்கள். கரை பக்கத்தில்தான் இருக்கிறது, நீந்திவிடலாம் என்று தோன்றும். தோன்றட்டும். தண்ணீரில் ஒரு தலையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது, கவிழ்ந்த படகு தூரத்திலிருந்தே தெரியும்.

இரண்டாவது, பாய்க் கயிறு எங்கேயாவது மாட்டியிருந்தால் விடுவியுங்கள். மாட்டிய கயிற்றோடு நிமிர்த்தினால் படகு நிமிர்ந்து, நீங்கள் ஏறுவதற்குள் தனியாகக் கிளம்பி, மறுபடி கவிழும். நான் பார்த்திருக்கிறேன், அந்தப் படகு என்னுடையது. மூன்றாவது, சுற்றி நீந்தி அடிப்பக்கம் போய், அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையைப் பிடித்துத் தொங்குங்கள். அடியோடு நெருங்கி நில்லாமல் பலகையின் நுனிப் பக்கம் பாரம் விழட்டும். ஆனால் நுனியிலேயே ஏறிக் குதிக்காதீர்கள், உடையும். அணியம் காற்றைப் பார்க்கிறபடி இருந்தால் எளிதாக நிமிரும். வெறும் படகு 59 கிலோதான், உங்களைவிட லேசு. கனமாகத் தெரிவது பாயில் தேங்கிய தண்ணீர். மெதுவாக வடியவிட்டால் வரும்.

பாய்மரத்தின் உச்சியில் சேறு ஒட்டிக்கொண்டு வந்தால் துறைமுகத்தின் ஆழத்தை அளந்திருக்கிறீர்கள். கரையில் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்தச் சேற்றைத்தான். கழுவிவிட்டு வாருங்கள்.

மூன்று தடவைக்குமேல் கவிழ்ந்தால், நான்காவது தடவை நிமிர்த்தியதும் வீட்டுக்குத் திரும்புங்கள். களைத்த உடம்பு ஐந்தாவது தடவை ஏறாது.

அறிகுறி: கரையோரம் குளம் மாதிரி இருக்கிறது, காற்றும் நன்றாக இருக்கிறது, எல்லாம் சந்தேகப்படும்படி அருமை

இந்த ஒன்றில் கேலி கிடையாது.

மே, ஜூன் மாதங்களில் சென்னையில் காலையில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும், தரையின் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு. அது பலமாக இருக்கிற நாளில் கடற்காற்று தாமதமாகும், சில நாள் வராமலே போகும். வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதும் அப்படிப்பட்ட நாளில்தான். தரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று என்பதால் கரையோரம் அலை இருக்காது. அலை எழும்பக் காற்று தண்ணீர்மேல் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். கரையில் நின்று பார்த்தால் அலையின் முதுகுதான் தெரியும், நுரைத்த முகம் மறுபக்கம். அதனால் உள்ளே 5 இருந்தாலும் இங்கிருந்து 2 மாதிரித் தெரியும். கட்டடங்களும் மரங்களும் வேறு காற்றைத் தடுத்துக்கொண்டிருக்கும். அரை கிலோமீட்டர் போன பிறகுதான் சுயரூபம்.

கொண்டலில் கயிறு அறுந்தாலும் சுக்கான் உடைந்தாலும் காற்று உங்களைக் கரையில்தான் கொண்டுவந்து போடும். கச்சானில் ஏதாவது உடைந்தால் அடுத்த நிறுத்தம் அந்தமான், 1,300 கிலோமீட்டர் தாண்டி. அன்றைக்குப் பெரியவர் படகைத் தண்ணீரில் இறக்கவே விட மாட்டார். "தண்ணி நல்லாத்தானே அண்ணே இருக்கு" என்றேன் ஒருமுறை. "தண்ணி நல்லாத்தான் இருக்கு சார். போறதுக்கு நல்லாருக்கு" என்றார். அதற்குமேல் பேச்சு இல்லை, வலை பின்னப் போய்விட்டார்.

தீர்வு: கச்சான் நாளில் துணைப்படகு இல்லாமல் இறங்காதீர்கள். உயிர்காப்பு உடை எல்லா நாளும், கச்சான் நாளில் அதன் கட்டுக் கயிறும் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு ஆள் இழுத்துப் பார்க்கட்டும். கரையில் ஒருவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நேரம் தாண்டினால் அவர் அழைக்க வேண்டிய கடலோரக் காவல்படையின் எண் 1554. போனை நீர்புகாத உறையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள், படகின் பைக்குள் இருக்கிற போன் படகைத்தான் காப்பாற்றும்.

அறிகுறி: கரைக்கு வந்த பிறகும் காற்று ஏறிக்கொண்டே போகிறது

இது தண்ணீரில் வருவதில்லை, டீக்கடையில் வருவது. படகிலிருந்து இறங்கும்போது 14 நாட் என்று சொல்கிறவர், முதல் டீயில் "ஒரு 18 இருக்கும்" என்பார். வடை வந்ததும் 22. சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் 25. அடுத்த வாரம் அலுவலகத்தில், கேட்கிறவருக்கு நாட் என்றால் என்னவென்று தெரியாது என்பது உறுதியானதும், 35.

இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. வானிலைத் துறையின் கணக்கில் 17 முதல் 27 நாட் என்பது காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தின் காற்று. 34ஐத் தொட்டால் புயல். அதாவது அலுவலகத்தில் சொன்னது உண்மையாக இருந்திருந்தால், அந்தக் காற்றுக்குப் பெயர் வைத்து, கூண்டு ஏற்றி, பள்ளிக்கு விடுமுறை விட்டிருப்பார்கள். இடியோடு வருகிற சூறைக்காற்றில் சில நிமிடம் அந்த அளவு அடிப்பதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதில் மாட்டியவர்கள் யாரும் எண்ணைச் சொல்லி நான் கேட்டதில்லை. பாயைக் கழற்றி மடித்துவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்கும் இந்தக் கோளாறு உண்டு. போன மாதம் டீக்கடையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்களிடம் என் எண்டர்பிரைஸ் கதையை எடுத்துவிட்டேன். சிப்ஸ் பறந்ததைச் சொன்னேன், தண்ணீர் கருத்து வந்ததைச் சொன்னேன், "முப்பது இருக்கும்பா, லேசா சொன்னா" என்றேன். பக்கத்து பெஞ்சில் பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எந்த அன்னைக்கு சார்? உங்க மச்சினரு வந்தாரே, அன்னைக்கா?"

"ஆமாண்ணே."

"அன்னைக்கு நான் இந்த வேட்டியத்தான் கட்டியிருந்தேன்" என்றார். "மடிக்கவே இல்லையே."